டொலர் அடையாளத்தை அடிக்கக் கூடாது

கொஞ்சம் நீண்ட பதிவு. ஐ.சி.டி. படிப்பிக்கிற ஆசிரியர்கள் முழுதாக வாசிக்கவும். மற்றவர்கள் தேநீர் ஒன்று ஊற்றிக்கொண்டு வந்து வாசிக்கலாம்.

எங்கள் பாடசாலைக் கணினி அறையின் சுவரில் நான்கு பக்கக் கடதாசி ஒன்று ஒட்டியிருக்கிறது. போன கிழமை அதைப் படமெடுத்துப் போட்டதும், "இது என்ன சேர், மந்திரமா?" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். அதன் முதல் வரி: "டொலர் அடையாளத்தை அடிக்கக் கூடாது." அந்த வரி அங்கே எப்படி வந்தது என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

2022 இல் பத்தாம் தரத்தில் எங்களிடம் ஒரு பிள்ளை இருந்தார். சிறு வயதிலிருந்தே பார்வை குறைவு. கரும்பலகை தெரியாது, புத்தகத்தை மூக்கில் முட்ட வைத்தால் தலைப்பு மட்டும் தெரியும். மூளை என்றால் மாஷா அல்லாஹ், ஒரு தடவை கேட்டால் போதும். உம்மா இரவில் பாடம் வாசித்துக் காட்டுவார். அவரும் ஒன்பதாம் வகுப்போடு நின்றவர், விஞ்ஞானப் பாடத்துச் சொற்களில் தடுக்குப்படுவார். வெளிநாட்டில் இருக்கிற மாமா ஒருவர் பழைய லெப்டொப் ஒன்று அனுப்பியிருந்தார். அதில் என்விடிஏ என்கிற திரைவாசிப்பானைப் பதிந்து கொடுத்தோம். அவுஸ்திரேலியாவில் 2006 இல் பார்வையற்ற ஒருவர் தொடங்கிய இலவச மென்பொருள் அது. திரையில் எழுத்திருந்தால் வாசிக்கும், தமிழும் வாசிக்கும். குரல் ரோபோக் குரல்தான். பிள்ளைக்கு அது போதும்.

சிக்கல் வினாத்தாள்களில். கடந்தகால வினாத்தாள்கள் என்று இணையத்தில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை கடதாசியை ஸ்கேன் பண்ணிய படங்கள். படத்தை வாசிப்பான் வாசிக்காது. டைப் பண்ணியதாகக் கிடைக்கிற தாள்களோ பாமினியில் இருக்கும். எங்கள் வயது ஆசிரியர்களுக்கு விளங்கும்: கண்ணுக்குத் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். என்விடிஏ அதை வாசிக்கத் தொடங்கினால் யாரோ ஆங்கில அரிச்சுவடியைக் கோபத்தில் ஒப்புவிப்பது போலிருக்கும். முதல் நாள் பிள்ளை அரை மணித்தியாலம் அதைக் கேட்டிருந்துவிட்டு, "சேர், இது எந்தப் பாஷை?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குச் சிரிக்கவும் முடியவில்லை.

ஆகவே படத்தைப் பார்த்து எழுத்தாக மாற்றுகிற மென்பொருள் தேவைப்பட்டது. டெசரக்ட் என்று ஒன்று இருக்கிறது. எச்.பி. கம்பனியின் ஆய்வுகூடங்களில் 1985 இலிருந்து 1994 வரை செய்து பின்னர் தூங்கவிட்டதை 2005 இல் திறந்த மூலமாக வெளியிட்டார்கள். 2006 இலிருந்து கூகுள் அதை வளர்த்தது. இன்று யாரும் எடுக்கலாம், திருத்தலாம், ஒரு சதம் கொடுக்கத் தேவையில்லை. தமிழும் தெரியும்.

விண்டோஸ் லெப்டொப்பில் அதைத் தயாராகவே பதியலாமே என்று கேட்பீர்கள். பதிந்தும் பார்த்தோம். ஆனால் லெப்டொப் பிள்ளையோடு வீட்டுக்குப் போய்விடும். எங்கள் திட்டம் வேறு. இடைவேளையில் மற்றப் பிள்ளைகள் வந்து ஸ்கேன் பண்ணி, எழுத்தாக்கி, பிழை திருத்தி, பென் டிரைவில் போட்டுக் கொடுக்க வேண்டும். அதற்குப் பாடசாலைக் கணினிதான் சரி. அங்கே உயிரோடிருந்தது உபுண்டு 16.04 போட்ட பழைய இயந்திரங்கள். 32 பிட், ஒரு ஜீ.பி. நினைவகம். 17.10 இலிருந்து உபுண்டு அந்த இனத்துக்கு டெஸ்க்டொப் பதிப்பு தருவதை நிறுத்திவிட்டது. 16.04 தன் கையிருப்பில் வைத்திருந்த டெசரக்ட் 3.04. அதில் தமிழ் கொடுத்தால் வருவது தமிழ் மாதிரி ஏதோ. நான்காம் பதிப்பில்தான் நரம்பு வலையமைப்பைக் கொண்டு வரி வரியாக வாசிக்கும் முறை வந்தது. நான்கு வேண்டுமென்றால் மூலநிரலை எடுத்து நாங்களே கட்ட வேண்டும்.

நாங்கள் என்றால் மூன்று பேர். ஒருவர் கணிதம், ஒருவர் தமிழ், ஒருவர் ஐ.சி.டி. இதில் ஐ.சி.டி.க்காரர் ஆசிரியர் கலாசாலையில் இரண்டு வருடம் கற்றபோது எழுதிய கொப்பியைக் கொண்டு வந்தார். "லினக்ஸில் மென்பொருள் பதிதல்: கொன்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டோல்." மூன்று வரி. கீழே விரிவுரையாளரின் சிவப்புச் சரி அடையாளம் வேறு.

போனை யூ.எஸ்.பி. வயரில் கொழுவி, டேட்டா மிச்சம் பிடிக்க கிட் கட்டளையில் வரலாறு வேண்டாம், கடைசி நிலை மட்டும் போதும் என்று கேட்டுக் களஞ்சியத்தை இறக்கினோம். பிறகு ஆவணத்தில் இருந்தபடியே முதல் கட்டளையை அடித்தோம். "டொலர்: கட்டளை காணப்படவில்லை" என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. ஆவணங்களில் ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் ஒரு டொலர் அடையாளம் போட்டிருப்பார்கள். அது டேர்மினல் தானே காட்டுகிற அடையாளம், நாம் அடிப்பதல்ல. தெரிந்தவனுக்கு அது கண்ணிலேயே படாது. மூன்று பட்டதாரிகள் பத்து நிமிடம் டொலரை அடித்துக்கொண்டிருந்தோம். அந்த வருடம் டொலர் நாட்டிலும் கிடைக்கவில்லை, அது வேறு கதை.

டொலரை நீக்கி அடித்தால், கொன்ஃபிகர் என்று ஒரு கோப்பே இல்லை என்றது. கோப்புகளைப் பட்டியலிட்டுப் பார்த்தோம், உண்மையிலேயே இல்லை. கொப்பியில் இருக்கிறது, விரிவுரையாளர் சரி போட்டிருக்கிறார், கணினியில் இல்லை.

இதைத்தான் ஐ.சி.டி. ஆசிரியர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறோம். ஒரு மென்பொருளின் மூலநிரல் இரண்டு விதமாகக் கிடைக்கும். வெளியீடு என்று சொல்லிப் பொதியாகக் கட்டித் தருவது ஒன்று. அதில் பொதுவாகக் கொன்ஃபிகர் கோப்பை அவர்களே உண்டாக்கி உள்ளே வைத்திருப்பார்கள். மற்றது, எழுதுகிறவர்கள் நாளாந்தம் வேலை செய்கிற களஞ்சியம். அங்கே கையால் எழுதியது மட்டும் இருக்கும். இயந்திரம் உண்டாக்கக் கூடியதை வைக்க மாட்டார்கள். ஆகவே முதலில் ஓட்டோஜென் என்கிற சிறு நிரலை ஓட்டினால் அது கொன்ஃபிகரை உண்டாக்கும். கொன்ஃபிகர் நமது கணினியை மோப்பம் பிடித்து, என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்த்து, மேக்ஃபைலை எழுதும். மேக் அதைப் பார்த்துக் கட்டும். இன்ஸ்டோல் கட்டியதை உரிய இடத்தில் கொண்டுபோய் வைக்கும். கொப்பியில் இருந்த மூன்று வரி பிழையில்லை. அது பொதிக்கு உரியது. நாங்கள் களஞ்சியத்துக்குள் நின்று அதை வாசித்துக்கொண்டிருந்தோம்.

ஓட்டோஜென்னை ஓட்டினோம். கொன்ஃபிகர் வந்தது. அதை ஓட்டினால், உங்கள் கம்பைலருக்கு சி பிளஸ் பிளஸ் 17 தெரியாது, தொடர முடியாது என்று நின்றுவிட்டது. களஞ்சியத்தின் முகப்பில் இருந்தது ஐந்தாம் பதிப்பு, எங்கள் கணினி 2016 ஆம் ஆண்டுப் பிறவி. சரி, 4.1.1 க்குப் போவோம் என்று கேட்டால் அப்படி ஒன்றே தெரியாது என்றது. ஏன்? டேட்டா மிச்சம் பிடிக்க வரலாறு வேண்டாம் என்று சொன்னவர்கள் நாங்கள்தானே. மறுபடி ரீலோட் போட்டு, இந்த முறை 4.1.1 ஐப் பெயர் சொல்லி இறக்கினோம்.

அடுத்தது விளங்கவே விளங்காத ஒரு பிழை. கொன்ஃபிகர் கோப்பின் நாலாயிரத்துச் சொச்சமாவது வரியில் இலக்கணப் பிழையாம். நாங்கள் எழுதாத கோப்பு, இயந்திரம் எழுதியது, அதில் இலக்கணப் பிழை. தமிழ் ஆசிரியருக்கு ஒரே சந்தோசம், "மெஷினும் பிழை விடுதே!" என்றார். இரண்டு நாள் அதில் போனது. காரணம், ஓட்டோகொன்ஃப் ஆர்கைவ் என்ற ஒரு பொதி இல்லை. அது இல்லாவிட்டால் ஓட்டோஜென் குறை சொல்லாமல் அரைகுறையான கொன்ஃபிகரை எழுதிக் கொடுத்துவிடுகிறது. ஆவணத்தில் அந்தப் பொதியின் பெயர் இருந்ததா? இருந்தது. மேலே, "தேவையானவை" என்ற பட்டியலில். நாங்கள் பட்டியலைத் தாண்டி நேராகக் கட்டளைகளுக்குப் போனவர்கள். வினாத்தாளின் அறிவுறுத்தலை வாசிக்காமல் முதலாம் கேள்விக்குப் பாய்கிற பிள்ளைகளை வருடம் முழுக்க ஏசுகிறவர்களும் நாங்கள்தான்.

பிறகு லெப்டோனிகா. டெசரக்டுக்குப் படங்களைத் திறந்து கொடுக்கிற நூலகம் அது. 1.74 அல்லது அதற்கு மேல் வேண்டும், உபுண்டு 16.04 இடம் இருந்தது 1.73. ஒரு புள்ளியால் போன கதை. அதையும் மூலத்திலிருந்து கட்ட வேண்டும். இதற்குப் பொதியை எடுத்தோம், கொப்பியின் மூன்று வரி அப்படியே வேலை செய்தது. கொப்பிக்காரர் அன்று கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

இப்போது மேக். பழைய இயந்திரம், ஆமை மாதிரிப் போகும். அந்தக் காலத்து மின்வெட்டு எல்லோருக்கும் ஞாபகமிருக்கும். அஸர் தொழுதுவிட்டு வந்து தொடங்கினால் பாதியில் கரண்ட் போகும். முதல் தடவை போனபோது எல்லாம் போச்சு என்று வீட்டுக்குப் போனோம். மறுநாள்தான் விளங்கியது, மேக் என்பது பொறுமையான வேலைக்காரன். கட்டி முடித்த துண்டுகளின் நேரத்தைப் பார்த்து, முடிந்ததை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் கட்டும். அப்படியென்றால் கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து போக வேண்டும். போகவில்லை. ஒவ்வொரு முறையும் கட்டியதையே திரும்பக் கட்டியது. கூடவே கடிகாரம் பிசகியிருக்கிறது என்று ஓர் எச்சரிக்கை. அதை நாங்கள் கணக்கெடுக்கவில்லை. எச்சரிக்கைதானே, பிழை இல்லையே.

கணிதக்காரர்தான் திரையின் மூலையைப் பார்த்தார். கணினியில் திகதி பல வருடம் பின்னால் நின்றது. மதர்போர்டில் இருக்கிற காசு அளவுப் பற்றரி செத்துப்போயிருந்தது. கரண்ட் போகும்போதெல்லாம் கணினி பழைய காலத்துக்குப் போய்விடும். இறக்கிய கோப்புகள் எல்லாம் அதற்கு எதிர்காலத்தில் எழுதப்பட்டவை. எதிர்காலத்துக் கோப்பிலிருந்து கடந்த காலத்தில் கட்டிய துண்டு எப்படிச் சரியாக இருக்கும் என்று மேக் நினைக்கிறது, அதன் பக்கம் நியாயம் இருக்கிறது. மணிக்கூடு திருத்துகிற கடையில் பற்றரி வாங்கிப் போட்டோம். எந்த ஆவணத்திலும் அது இல்லை. இருக்கவும் முடியாது. எழுதுகிறவர் இருக்கிற இடத்தில் பற்றரி சாகாது, செத்தாலும் இணையம் நேரத்தைத் திருத்திவிடும்.

மேக் முடிந்தது. இன்ஸ்டோல் முடிந்தது. ஓட்டினால் தன்னுடைய நூலகத்தையே காணவில்லை என்றது. ஆவணத்தின் கடைசி வரி எல்டி-கொன்ஃபிக், புதிதாக வந்த நூலகத்தைக் கணினிக்கு அறிமுகப்படுத்துகிற கட்டளை. சின்ன வரி என்று விட்டிருந்தோம். அதை அடித்தோம். பிறகு தமிழ் தெரியாது என்றது. ஆங்கிலமும் தெரியாது என்றது. மொழித் தரவு வேறொரு களஞ்சியத்தில் இருக்கிறது, அதைத் தனியாக இறக்கி டெஸ்டேட்டா என்ற உறைக்குள் வைக்க வேண்டும். தமிழுக்கு மூன்று வகைத் தரவு இருந்தது. பலவீனமான கணினி என்பதால் வேகமான வகையை எடுத்தோம்.

எல்லாம் சரி. பிஸ்மி சொல்லி முதல் வினாத்தாளின் படத்தைக் கொடுத்தோம். "அந்தச் செயற்பாடு இங்கே இல்லை" என்ற கருத்தில் ஒரு வரி.

அன்று மஃரிபுக்கு அதான் சொல்லும் வரை மூன்று பேரும் பேசவில்லை. பிள்ளையின் வாப்பா வழக்கம் போல சைக்கிளில் வந்து கேற்றில் நின்றார். அவர் எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. "சரிவந்திச்சா சேர்" என்று கேட்டிருந்தால் கூடப் பரவாயில்லை. "உங்களுக்குக் கஷ்டம் தாறம்" என்றார். முதல் இரண்டு கிழமையும் இது எங்களுக்கு ஒரு விளையாட்டு மாதிரித்தான் இருந்தது என்பதை இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த வார்த்தையோடு விளையாட்டு முடிந்தது.

இரவு அவரவர் வீட்டில் ஆவணத்தை முதல் வரியிலிருந்து, இந்த முறை ஒரு சொல் விடாமல் வாசித்தோம். அங்கேயே இருந்தது. லெப்டோனிகாவைக் கட்டும் முன்பு பீ.என்.ஜி., ஜேபெக், டிஃப் படங்களுக்கான நூலகங்களின் அபிவிருத்திப் பொதிகள் இருக்க வேண்டும். இல்லாவிட்டாலும் அது கட்டுப்படும், முறைப்பாடு வராது. படத்தைத் திறக்கத் தெரியாத படநூலகமாகக் கட்டுப்படும். பொதிகளைப் போட்டு லெப்டோனிகாவை மட்டும் மறுபடி கட்டினோம். டெசரக்டில் கை வைக்கத் தேவைப்படவில்லை. மறுநாள் இரண்டாம் இடைவேளையில் முதல் தாள் எழுத்தாக வந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

இங்கே முடிந்திருந்தால் இந்தப் பதிவு தேவைப்பட்டிருக்காது. இன்னும் நான்கு கணினிக்குப் போட வேண்டியிருந்தது, நாங்கள் மூவரும் இடமாற்றத்தில் போனாலும் நிலைக்க வேண்டும். ஆகவே தமிழில் நாங்களே ஓர் ஆவணம் எழுதினோம். எழுதி முடித்துப் பார்த்தால் பெருமையாக இருந்தது. இரண்டு பக்கம், பிழையில்லாத தமிழ், வரிக்கு வரி இலக்கம்.

பத்தாம் தரத்துப் பிள்ளை ஒருவரைக் கூப்பிட்டு அடுத்த கணினியில் இருத்தி, "மகள், இதைப் பார்த்துச் செய்யுங்க, நாங்க வாய் திறக்க மாட்டோம்" என்றோம். ஆசிரியர்கள் வாய் திறக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டார். சூடோ கடவுச்சொல் கேட்கிறது, அடிக்கிறார், திரையில் ஒன்றும் தெரியவில்லை. "சேர், கீபோர்ட் பழுது. ஒண்டும் அடிபடுதில்ல." அங்கே கடவுச்சொல் அடித்தால் நட்சத்திரம் கூடத் தெரியாது, ஆனால் அடிபடும். எங்களுக்கு அது தெரியும் என்பதே எங்களுக்குத் தெரியாமல் இருந்தது. அதை எழுதினோம். "முந்திய உறைக்குத் திரும்பவும்" என்ற வரியில் நின்றார், எந்த உறை? அதை எழுதினோம். "சில நேரம் எடுக்கும்" என்ற வரியில் நின்றார், எவ்வளவு நேரம், அதுவரை என்ன தெரியும், தொங்கிவிட்டதா ஓடுகிறதா என்று எப்படித் தெரியும்? அதையும் எழுதினோம். ஒவ்வொரு கட்டளைக்குக் கீழும் "சரியாகப் போனால் கடைசியாக இப்படி ஒரு வரி தெரியும்" என்று சேர்த்தது அவருடைய யோசனை. டொலர் வரியை மேலே முதலாவதாகப் போடச் சொன்னதும் அவர்தான். பதினேழு இடத்தில் நின்றார். இரண்டு பக்கம் நான்கு பக்கமானது.

டெசரக்டின் ஆவணத்தை எழுதினவர்களை ஏசிக்கொண்டிருந்த எங்கள் வாய் அன்றோடு அடைபட்டது. முகம் தெரியாத ஊர்களில் இருந்துகொண்டு, சம்பளமில்லாமல், நாங்கள் தாண்டிப்போன பட்டியலையும் எழுதி வைத்தவர்கள் அவர்கள். 2004 சுனாமி முடிந்த கையோடு இந்த நாட்டுப் பொறியியலாளர்கள் காணாமல் போனவர்களையும் முகாம்களையும் பதிவு செய்ய சஹானா என்று ஒரு திறந்த மூல மென்பொருளை எழுதினார்கள். பிறகு வேறு நாடுகளின் அனர்த்தங்களிலும் அது பயன்பட்டது. அந்த நேரம் நாங்கள் முகாமில் இருந்த பிள்ளைகள். அதையும் எங்கோ ஒருவர் ஆவணத்தைப் பார்த்துத்தானே தன் கணினியில் பதிந்திருப்பார், எந்த வரியில் நின்றாரோ என்று இப்போது நினைக்கத் தோன்றுகிறது.

எழுத்தாக்கம் முழுச்சுத்தம் என்று நினைக்க வேண்டாம். கணிதச் சமன்பாடுகள் அடியோடு வராது, கணிதத் தாளைக் கடைசி வரை நாங்கள் வாசித்துத்தான் காட்டினோம். அட்டவணை குழம்பும். அரவும் ரகரமும் இடம் மாறும். ஆகவே பிள்ளைகள் இருவர் இருவராக இருந்து, ஒருவர் தாளைப் பார்க்க மற்றவர் திரையை வாசித்துத் திருத்துவார்கள். அதில் அவர்களுக்கே வினாத்தாள் பாடமாகிவிடுகிறது என்று தமிழ் ஆசிரியர் கண்டுபிடித்தார். இப்போது அந்த வேலைக்குப் போட்டி.

அந்தப் பிள்ளை சாதாரண தரம் சித்தியடைந்து இப்போது உயர்தரம் கலைப்பிரிவில் இருக்கிறார். சுவர்க் கடதாசி தேவையான பாடசாலைகள் இன்பொக்ஸில் சொல்லுங்கள், அனுப்புகிறோம். அதைப் பார்த்துச் செய்யும்போது எந்த வரியில் நின்றீர்கள் என்று மட்டும் எங்களுக்கு எழுதுங்கள். பதினெட்டாவது இடம் கட்டாயம் இருக்கும்.

இதை டைப் பண்ணிக்கொண்டிருக்கும்போதே அவரிடமிருந்து வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்திருக்கிறது. "சேர், நேத்துத் தந்த புவியியல் தாள்ல அஞ்சாவது கேள்வி, மழைக்காட்டில உயரமான 'மாம்' எண்டு வாசிக்குது. மரமா சேர்? யார் திருத்தின? நல்லாக் கேளுங்க, ரெண்டு இடத்தில இரிக்கு."

போய்த் திருத்த வேண்டும்.